வலி போன பிறகும் ஏன் நொண்டுகிறோம்?

எங்கள் ஊரில் பிசியோ என்றதும் பலருக்குச் சூடு வைப்பதும் கரண்ட் வைப்பதும்தான் ஞாபகத்துக்கு வரும். முதுகு பிடித்துக்கொண்டால் முதலில் கோடாலித் தைலம், அப்புறம் உருவி விடுகிறவர், அதுவும் கேட்கவில்லை என்றால் மாவட்ட மருத்துவமனை. அங்கே போய்விட்டு, "சூடுகூட வைக்கல, நாற்காலியில உட்கார்ந்து எழுந்திரிக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க" என்று மனக்குறையோடு திரும்புகிறவர்கள் நிறைய. அந்த உட்கார்ந்து எழுந்திருப்பதுதான் சிகிச்சை. ஏன் அப்படி என்று அவர்களுக்கு யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயா பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். ஊரின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை; பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். மலேசியாவில் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, வணிகத்துக்காக முதன்முதலில், 1917-இல், நட்ட 'தென்னமரம்' என்ற பெயருள்ள தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இன்று தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் காலியாகிவிட்டன. நம் ஆட்கள் பலர் தொழிற்சாலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் லாரி ஓட்டவும் போய்விட்டார்கள். ஆனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் தேய்ந்த முதுகும் தோளும் முழங்காலும் அவர்கள் கூடவே வந்திருக்கின்றன. இவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது ஒன்றைத்தான்: காயம் ஆறுவது வேறு, அசைவு திரும்புவது வேறு.

சுற்றுவழி பழகிப்போவது

தோட்டத்துப் பாதையில் ஒரு சின்னப் பாலம் மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போகிறவர்கள் நிற்க முடியாது. செம்பனை வரிசைக்குள் மோட்டார் சைக்கிளை விட்டு, சகதியில் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறுவார்கள். நாளாக ஆக அங்கே டயர் தடம் பதிந்து ஒரு பாதையே உருவாகிவிடும். பிறகு நிர்வாகம் பாலத்தைக் கட்டித் தருகிறது. ஆனாலும் பல பேர் பழக்க தோஷத்தில் அந்தச் சகதிப் பாதையிலேயே போய்க்கொண்டிருப்பார்கள். பாலம் நன்றாகத்தான் இருக்கிறது, அதன்மேல் போக ஆளில்லை.

உடம்பிலும் இதுதான் நடக்கிறது. முழங்காலில் அடிபடுகிறது. வலிக்கிற காலில் எடையைப் போடாமல் மற்றக் காலை ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நடக்கிறோம். அந்த நேரத்துக்கு அது சரியான ஏற்பாடு, காயத்தைக் காப்பாற்றுகிறது. இப்படி ஒரு பகுதி செய்ய வேண்டிய வேலையை வேறொரு பகுதி ஏற்றுக்கொள்வதை 'ஈடுகட்டல்' என்று சொல்வோம். சிக்கல் பிறகு வருகிறது. வீக்கம் வடிந்து, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அந்தச் சாய்ந்த நடை போவதில்லை. அந்த நடைக்காக அதிகம் உழைத்த மற்ற முழங்காலோ இடுப்போ கொஞ்ச நாளில் வலிக்கத் தொடங்குகிறது. "வலி இடம் மாறிடுச்சு, வாயுதான்" என்பார்கள். வாயு எதுவும் இல்லை. உடம்பு இன்னும் சுற்றுவழியில் போய்க்கொண்டிருக்கிறது.

இது வெறும் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. முழங்காலுக்குள் நீர் கோத்தால், மூட்டில் உள்ள உணர்நரம்புகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. தண்டுவடம் முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. தசையில் காயமில்லை, அதற்குப் போகும் நரம்பிலும் காயமில்லை. இருந்தும் தசை முழுப் பலத்தோடு இறுகாது. "கால்ல தெம்பே இல்ல" என்று நோயாளி சொல்வது மனப்பிரமை இல்லை, அவர் சொல்வது உண்மை. இந்த அடக்குதல் வீக்கம் வடிந்த பிறகும் நீடிக்கலாம். சூடு வைத்தால் வலி தணியும், உருவி விட்டால் இறுக்கம் தளரும். இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அணைந்து கிடக்கும் தசையை வேலைக்குத் திரும்பக் கூப்பிட அவற்றால் முடியாது. அந்தத் தசை தேவைப்படுகிற அசைவை அந்தக் காலே செய்தாக வேண்டும்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: வலியோ வீக்கமோ உடம்பைச் சுற்றுவழிக்குத் தள்ளுகிறது, காரணம் போன பிறகும் சுற்றுவழி தங்கிவிடுகிறது, அதைப் படுத்துக்கொண்டு வாங்கும் சிகிச்சையால் மட்டும் மாற்ற முடியாது.

மூளை தசையை எண்ணுவதில்லை

வீட்டில் யாரையாவது நிற்க வைத்து, அவருடைய பின்தொடையில் லேசாகக் கை வைத்துக்கொள்ளுங்கள். "கையைச் சட்டுனு முன்னால தூக்கு" என்று சொல்லுங்கள். அவர் தூக்கியது கையை, ஆனால் உங்கள் விரலுக்கடியில் பின்தொடை இறுகும். கருவி வைத்து அளந்தால், தோள் தசைக்கும் முன்பாகவே பின்தொடை வேலையைத் தொடங்கியிருப்பது தெரியும். சோவியத் ஆய்வாளர்கள் 1967-இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கை முன்னால் போனால் உடம்பு முன்னால் சாயும். அதை எதிர்பார்த்து மூளை காலையும் முதுகையும் முன்கூட்டியே தயார் செய்கிறது. நாம் நினைத்தது 'கையைத் தூக்கு' என்று மட்டும்தான். மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்து வந்த கூட்டு வேலை.

இப்படி ஒரு நோக்கத்துக்காகப் பல தசைகளும் மூட்டுகளும் ஒரு வரிசையில் சேர்ந்து இயங்கும் முழு அசைவுக்குத்தான் 'அசைவுப் பாங்கு' என்று பெயர். குனிந்து எடுப்பது, குந்தி எழுவது, ஒரு காலில் எடை தாங்கி அடியெடுத்து வைப்பது, தள்ளுவது, இழுப்பது, உடம்பைத் திருப்புவது, நடப்பது என்று அன்றாட வேலையில் பெரும்பகுதி சில பாங்குகளுக்குள் அடங்கிவிடும். மூளையின் மேற்பரப்பு தனித்தனித் தசைகளைவிட அசைவுகளையே கையாளுகிறது என்று லண்டன் நரம்பியல் மருத்துவர் சார்ல்ஸ் பீவர் 1903-இல் தம் சொற்பொழிவுகளில் விளக்கினார். பிற்கால ஆய்வுகள் இந்தக் கருத்தை நுணுக்கமாகத் திருத்தியிருந்தாலும், மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அது இன்னும் நல்ல வழிகாட்டி. படுத்தபடி காலை நூறு தடவை தூக்கிப் பழகிய ஒருவர் படிக்கட்டில் இறங்கத் தடுமாறுவதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. தசை வலுத்திருக்கும், இறங்கும் அசைவை அவர் பழகவில்லை.

தனித் தசைப் பயிற்சி வீண் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

குனிந்து எடுப்பது: ஒரு பாங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

முதுகு வலியோடு வருகிற குலை அறுக்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு செம்பனைக் குலை 15 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். முள் குத்துமே என்று பயந்து, குலையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தே தூக்குவார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பாரம் உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக, கீழ்முதுகு தாங்க வேண்டிய விசை கூடிக்கொண்டே போகும். அதோடு, ஒரு தடவை முதுகு பிடித்துக்கொண்டவர் பயத்தில் இடுப்பு மூட்டை அசைக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டு, குனிய வேண்டிய அளவு முழுவதையும் கீழ்முதுகிலேயே குனிவார். அதுதான் அவருடைய சுற்றுவழி.

முதல் நாள் குலையைத் தூக்கச் சொல்ல மாட்டோம். ஒரு துடைப்பக் கட்டை போதும். அதை முதுகோடு நெட்டாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வோம். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, புட்டத்துக்குச் சற்று மேலே என்று மூன்று இடத்தில் கட்டை படும். சுவருக்கு முதுகைக் காட்டி, ஒரு பாதம் அளவு தள்ளி நிற்பார். "அண்ணே, முழங்காலை லேசா தளர விடுங்க. கட்டை மூணு இடத்தையும் விடக்கூடாது. அப்படியே பின்னால இருக்கிற சுவத்தைப் புட்டத்தால தொடுங்க." முதல் முயற்சியில் பெரும்பாலும் கட்டை தலையிலிருந்தோ கீழேயோ விலகிவிடும். இரண்டாவது, மூன்றாவது முறையில் திடீரென்று பிடிபடும். பின்தொடை இழுக்கிறது என்பார். அதுதான் வேண்டியது; இடுப்பு மூட்டு மடங்கத் தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. "இடுப்பு மூட்டை மடக்குங்கள், வயிற்றை இறுக்குங்கள்" என்று உடம்பின் உள்ளே கவனத்தைத் திருப்பினால் ஆள் குழம்பிப்போவார். "சுவரைத் தொடுங்கள்" என்று வெளியே ஒரு இலக்கைக் கொடுத்தால் அசைவு தானாக ஒழுங்குபடும். கவனத்தை வெளியே வைத்துப் பழகுவது நல்ல பலன் தருகிறது என்று கேப்ரியல் வுல்ஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள்.

கட்டையோடு சரியாக வந்த பிறகு அதை எடுத்துவிடுவோம். அப்புறம் நாற்காலி மேல் இருக்கும் வாளியைத் தூக்குவது, பிறகு அதையே தரையிலிருந்து, பிறகு வாளியில் மணல் சேர்த்து. கடைசியில் மேடு பள்ளமான தரையில், பூட்ஸ் போட்டுக்கொண்டு, தூக்கித் திரும்பி ஒற்றைச் சக்கர வண்டியில் போடுவது வரை போக வேண்டும். மருத்துவமனையின் வழுவழுத் தரையில் வருகிற அசைவு தோட்டத்துச் சகதியில் அப்படியே வந்துவிடாது. இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, "பிசியோ போனேன், திரும்ப வந்துடுச்சு" என்கிறவர்கள் அதிகம். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் படி வரை கூட்டிப்போக நேரம் ஒதுக்காத எங்கள் தரப்பிலும் தவறு இருக்கிறது.

'சரியான பொசிஷன்' ஒன்றே ஒன்றா?

இதுதான் இன்னொரு பெரிய தவறான எண்ணம். "முதுகு எப்பவும் நேரா இருக்கணும், இல்லைன்னா டிஸ்க் போயிடும்" என்று தொழிற்சாலைச் சுவரொட்டியிலும் போனில் வரும் காணொளியிலும் சொல்லிச் சொல்லி, குனியவே பயப்படுகிற ஒரு கூட்டத்தை உருவாக்கிவிட்டோம். முதுகெலும்பு வளைவதற்கென்றே அமைந்தது. குலையிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழத்தைப் பொறுக்குகிறவர் வளையாமல் எப்படிப் பொறுக்குவார்? கனமான பாரத்துக்கு இடுப்பிலிருந்து குனிந்து, பாரத்தை உடம்போடு ஒட்டி எடுப்பது புத்திசாலித்தனம். கீழே கிடக்கும் செருப்பை எடுக்க அந்த ஆர்ப்பாட்டம் தேவையே இல்லை.

1920-களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டீன் என்ற விஞ்ஞானி, சுத்தியலால் உளியை அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளர்களை வரிசைப் படங்களாக எடுத்து ஆராய்ந்தார். சுத்தியல் விழும் இடம் மாறுவதில்லை. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் போகும் வழி ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருந்தது. கைதேர்ந்தவர் ஒரே அசைவை நகல் எடுப்பதில்லை. ஒரே முடிவுக்குப் பல வழிகளில் போய்ச் சேர்கிறார். நல்ல பால்வெட்டுக்காரரைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பட்டையில் சீவும் தடிமன் மாறாது, ஆனால் மரத்துக்கு மரம் அவர் நிற்கும் விதம் மாறும்.

ஆகவே அசைவுப் பாங்குப் பயிற்சியின் குறி, இழந்த வழிகளைத் திரும்பத் தருவது. வலி வந்தவரிடம் ஒரே ஒரு வழிதான் மிஞ்சியிருக்கும், அதுவும் விறைத்த வழி. 7 அசைவுகளுக்கு மதிப்பெண் போட்டு மொத்தம் 21-க்குக் கணக்கிடும் ஒரு சோதனை உடற்பயிற்சிக் கூடங்களில் பிரபலம். குறைவாக வாங்கினால் காயம் வரும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மொத்த மதிப்பெண்ணை வைத்துக் காயத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பதற்கு ஆதாரம் பலவீனமானது. யாராவது உங்களுக்கு 12 மதிப்பெண் போட்டுக் கவலைப்படச் சொன்னால் கவலைப்பட வேண்டாம்.

சுருக்கமாக: மூளைக்கு இலக்கைக் கொடுக்க வேண்டும்; அசைவை எளிய வடிவத்தில் தொடங்கிப் பாரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும்; ஒரே வடிவத்தில் உறைந்து போகக் கூடாது.

தோளும் மூலைவிட்ட அசைவும்

கையை முழுதாகத் தலைக்கு மேலே தூக்குவது சுமார் 180 பாகை. அதில் ஏறத்தாழ 120 தோள் மூட்டிலிருந்து வருகிறது. மீதி 60 தோள்பட்டை எலும்பு முதுகின்மேல் சுழன்று தருவது. உயர்ந்த செம்பனையில் நீளக் கம்பில் கட்டிய அரிவாளை மாட்டி, நாள் முழுக்க அண்ணாந்து இழுத்தவர்களுக்குத் தோள் வலி வந்தால், பெரும்பாலும் காதுவரை தோளைத் தூக்கியே கையை உயர்த்துவார்கள். தோள் மூட்டை மட்டும் தேய்த்துவிட்டால் இந்தக் கூட்டு வேலை சீராகாது.

1940-களில் அமெரிக்க மருத்துவர் ஹெர்மன் கபாட்டும் பிசியோதெரபிஸ்ட் மார்கரெட் நாட்டும் ஒரு முறையை உருவாக்கினார்கள். மனித அசைவுகள் நேர்கோட்டில் போவதைவிடச் சாய்வாகவும் சுழன்றும் போவதே அதிகம் என்பது அவர்கள் கவனித்தது. இடது இடுப்புப் பக்கம் இருக்கும் வலது கை, துண்டை எடுத்து வலது தோளுக்கு மேல் வீசுவது போலச் சாய்வாக மேலே போய் வெளிப்பக்கம் திரும்புகிறது. அரிவாள் கம்பை இழுப்பது இதன் எதிர்த்திசை. முதலில் சிகிச்சை தருகிறவர் உங்கள் கையைப் பிடித்து அந்தப் பாதையில் கொண்டுபோவார். அடுத்து நீங்களும் சேர்ந்து அசைப்பீர்கள். அதன் பிறகு அவர் கையால் லேசாகத் தடுப்பார், நீங்கள் அதை மீறிக் கொண்டுபோவீர்கள். அந்தத் தொடுதலும் தடுப்பும் 'நிலை உணர்வை' எழுப்புகின்றன. கண்ணை மூடினாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அந்த உணர்வுதான் அது. காயத்தாலும் பக்கவாதத்தாலும் மங்கிப் போவதில் இதுவும் ஒன்று.

பக்கவாதம்: சுற்றுவழி மிகக் கெட்டியாகும் இடம்

பக்கவாதம் வந்தவருக்கு நல்ல கைதான் சுற்றுவழி. சாப்பிடுவது, பட்டன் போடுவது, கதவு திறப்பது எல்லாம் நல்ல கையிலேயே நடந்துவிடும். பாசத்தில் வீட்டார் வேறு, "விடுங்கப்பா, நான் செய்றேன்" என்று வாங்கிக்கொள்வார்கள். பாதிக்கப்பட்ட கையில் மிச்சமிருக்கும் கொஞ்ச அசைவும் கேட்பாரற்றுப் போகும். எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் குரங்குகளில் இதைக் கண்டார்: ஒரு கையின் உணர்நரம்பைத் துண்டித்தபோது, அசைக்கும் நரம்பு நன்றாக இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டி வைத்ததும் விட்டுப்போன கை வேலைக்குத் திரும்பியது.

அதிலிருந்து பிறந்ததுதான் நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையால் வேலைகளைச் செய்ய வைக்கும் சிகிச்சை. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இரண்டு வாரம் இப்படிப் பயிற்சி பெற்றவர்களின் கைப் பயன்பாடு கூடியதைக் காட்டியது. மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும். வீட்டில் சொந்தமாக ஆரம்பிக்க வேண்டாம். தடுமாறி விழும் அபாயம் உண்டு.

எத்தனை தடவை செய்வது என்பதும் முக்கியம். விலங்கு ஆய்வுகளில் மூளை மாறுவதற்கு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை அசைவு தேவைப்பட்டது. வட அமெரிக்க மறுவாழ்வு மையங்களைப் பார்த்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சிகிச்சை வேளையில் கையைக் கொண்டு செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே. பெரிய மையங்களிலேயே இப்படி என்றால், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை பிசியோவைப் பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு வீட்டில் செய்வதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. டம்ளரை எடுத்து வைப்பது, துணி மடிப்பது, பூஜைத் தட்டை இரண்டு கையாலும் தூக்குவது எல்லாமே கணக்கில் சேரும்.

வலித்தால் நிறுத்துவதா?

லேசான வலி வரலாம். நான் சொல்லும் அளவுகோல், பயிற்சியால் கூடிய வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் அளவு அதிகம், குறைக்க வேண்டும். விட்டுவிட வேண்டும் என்பதில்லை.

ஆனால் முதுகு வலியோடு சிறுநீர் மலத்தை அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப் போனாலோ, கால் பலம் வேகமாகக் குறைந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பிறகு வரும் கடும் வலி ஆகியவற்றுக்கும் முதலில் டாக்டர்தான். இவற்றை உருவி விடுகிறவரிடம் கொண்டு போகாதீர்கள்.

எங்கே போவது, என்ன கொண்டு போவது

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். அங்கே டாக்டரிடம் பிசியோவுக்குக் கடிதம் கேளுங்கள். வேலையிடத்து விபத்தென்றால் சொக்சோவில், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், கண்டிப்பாகப் புகார் பதியுங்கள். சிகிச்சைச் செலவோடு மறுவாழ்வுக்கும் அவர்கள் உதவுகிறார்கள். மலாக்காவில் அவர்களுக்கென்றே துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவுக்குள் வந்துவிட்டார்கள். பக்கத்து வரிசையில் குலை அறுக்கும் இந்தோனேசியருக்கும் நேப்பாளிக்கும் இது தெரியாமல் இருக்கலாம், சொல்லி வையுங்கள்.

பிசியோவைப் பார்க்கப் போகும்போது எக்ஸ்ரே படத்தோடு இன்னொன்றும் கொண்டு போங்கள். நீங்கள் வேலை செய்வதை யாரையாவது போனில் ஒரு நிமிடம் காணொளி எடுக்கச் சொல்லுங்கள்: குலையைத் தூக்குவதோ, லாரிப் படியில் ஏறுவதோ, கோயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதோ, எது கஷ்டமோ அது. "இடுப்பு வலிக்குது" என்று சொல்வதோடு, "எனக்கு இதைத் திரும்பச் செய்யணும்" என்று அந்தக் காணொளியைக் காட்டுங்கள். எந்தப் பாங்கில் தொடங்குவது, எந்தப் படியில் முடிப்பது என்று சிகிச்சை தருகிறவர் அதைப் பார்த்தே திட்டம் போடலாம்.